கடலைக் கணக்கெடுக்க யார் காசு தருவது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலில் மிதக்கும் சிற்றுயிர்களான பிளாங்டனைச் சேகரிக்கும் பதிவுக்கருவி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1931 முதல் சரக்குக் கப்பல்கள் இழுத்துச் செல்லும் ஒரு பட்டுத்துணிப் பெட்டியை இவ்வளவு கொண்டாட வேண்டுமா என்றுதான் தோன்றியது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை நீருக்குள்ளேயே படமெடுத்து இனம் பிரிக்கும் கேமரா ஒன்றைச் செய்திருக்கிறோம். முன்மாதிரி நன்றாக வேலை செய்கிறது. அடுத்த கட்டத்துக்குப் பணமில்லை. புதுமைத் தொழில்நுட்பத்துக்கு நிதி தருபவர்கள், "அதுதான் செய்து முடித்துவிட்டீர்களே, இனி இதில் என்ன புதுமை?" என்கிறார்கள். கண்காணிப்புத் திட்டங்களை நடத்துபவர்களோ, "சில ஆண்டுகள் கடலில் ஓட்டிக் காட்டிவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். விண்ணப்பத்தின் தலைப்பில் 'செயற்கை நுண்ணறிவு' என்று சேர்த்தால் கிடைத்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். பழையதைப் புகழும் கட்டுரைகள் எங்களைப் போன்றவர்களுக்கு உதவவில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன்.

ம.

அன்புள்ள ம.,

கோபமில்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள். உங்களுடைய இரு தரப்பும் சேர்ந்து சொல்வது அதைத்தான். முன்மாதிரி செய்யக் காசு உண்டு. பல காலம் ஓடித் தேறிய கருவிக்கும் ஓரளவு உண்டு. நடுவில் வரும் நான்கைந்து ஆண்டுகளுக்குத்தான் யாருடைய கணக்கிலும் ஒரு தலைப்பு இல்லை.

செயற்கை நுண்ணறிவு விஷயம்: உங்கள் கேமரா அதைக்கொண்டுதான் படங்களை இனம் பிரிக்கிறது என்றால் தாராளமாகச் சேருங்கள், பொய்யொன்றுமில்லையே. ஆனால் அதனால் கிடைப்பது இன்னொரு மூன்றாண்டு நிதி. மூன்றாண்டு முடிந்ததும் இதே கடிதத்தை எனக்குத் திரும்ப எழுதுவீர்கள்.

பட்டுத்துணிக்கு வருகிறேன். கட்டுரையில் நான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தப் பெட்டியும் ஒரு காலத்தில் புதுமைத் தொழில்நுட்பம்தான். 1925-ல் அண்டார்டிகாவுக்குப் புறப்பட்ட டிஸ்கவரி கப்பல் பயணத்துக்காகக் கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி அதை வடிவமைத்தார். ஓடும் கப்பலை நிறுத்தாமலேயே பிளாங்டனைச் சேகரிக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். கப்பல் அதைப் பின்னால் இழுத்துச் செல்லும். நீரின் வேகத்தில் ஒரு சிறு விசிறி சுழன்று பட்டுச் சுருளை நகர்த்தும். அதில் சிக்கும் உயிர்களை இன்னொரு பட்டு மூடிக்கொள்ள, இரண்டும் சேர்ந்து, உயிர்கள் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் தொட்டிக்குள் சுருண்டு போகும். மின்சாரம் வேண்டாம், கப்பலில் விஞ்ஞானி வேண்டாம். சரக்குக் கப்பல்காரர்களே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் கொண்டாடியது பட்டை அல்ல. அது நிற்காமல் ஓடியதை. இரண்டாம் உலகப்போர் ஆண்டுகளை விட்டுவிட்டால், அதே கருவி அதே முறையில் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் வடகிழக்கு அட்லாண்டிக்கில் வெதுவெதுப்பான நீரில் வாழும் கோப்பிபாடுகள் (பிளாங்டனில் ஒரு வகையான மிகச் சிறிய ஓட்டுயிர்கள்) நாற்பது ஆண்டுகளில் அட்சரேகைக் கணக்கில் ஏறக்குறைய 10 பாகை வடக்கே நகர்ந்துவிட்டன என்று 2002-ல் சொல்ல முடிந்தது. 2004-ல் பழைய சுருள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தவர்கள், 1960களிலிருந்தே அவற்றில் நுண்பிளாஸ்டிக் இழைகள் கிடப்பதைக் கண்டார்கள். 2016-ல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: ஃபார்மலினில் ஊறிய அதே மாதிரிகளிலிருந்து டிஎன்ஏ எடுத்து, கடல் சூடாகச் சூடாக விப்ரியோ (காலராக் கிருமி சேர்ந்த வகை) பாக்டீரியா அரை நூற்றாண்டாகப் பெருகி வருவதைக் காட்டியது. ஹார்டியின் அக்கறை ஹெர்ரிங் மீன்களின் உணவைப் பற்றியது. பிளாஸ்டிக்கை அவர் தேடவில்லை, அன்று டிஎன்ஏ எடுக்கவும் வழியில்லை.

இப்படிப்பட்ட தொடருக்கே 1980களின் இறுதியில் நிதி நின்றுபோகும் நிலை வந்தது. பல நாடுகள் சேர்ந்து கைகொடுத்து, 1990-ல் ஹார்டியின் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைத்துத்தான் காப்பாற்றினார்கள். ஆகவே புதியவர்களுக்கு மட்டும்தான் கதவு அடைபடுகிறது என்று நினைக்காதீர்கள்.

உங்கள் கேமராவின் உண்மையான சிக்கல், அது பட்டைப் போல எண்ணாது என்பது. பட்டு 10 கடல்மைல் தூரத்தில் சுமார் 3 கன மீட்டர் நீரை வடிகட்டுகிறது. அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் உருவான இமேஜிங் ஃப்ளோசைட்டோபாட் என்ற படமெடுக்கும் கருவி இருபது நிமிடத்துக்கு 5 மில்லிலிட்டரைத்தான் பார்க்கிறது. அரிதான பெரிய உயிர் கேமராவுக்குள் வந்து மாட்டாது. கொழகொழவென்ற சொறிமீன் வகைகள் பட்டில் நசுங்கி உருத்தெரியாமல் போகும், கேமராவில் அழகாக விழும். ஒரு நாள் பட்டை நிறுத்திவிட்டு மறுநாள் கேமராவைப் போட்டால் வரைபடத்தில் ஒரு துள்ளல் வரும். துள்ளியது கடலா கருவியா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே கப்பலில், ஒரே பாதையில், எல்லாப் பருவங்களிலும், குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்த்து ஓட்ட வேண்டும். நீங்கள் நிதி கேட்க வேண்டியது இதற்குத்தான். 'பழையதை மாற்றும் புதிய கருவி' என்று எழுதினால் கண்காணிப்புக்காரர்கள் பயப்படுவார்கள். 'பழைய தொடர் அறுந்துபோகாமல் புதியதோடு முடிச்சுப் போடுகிறோம்' என்றால் அவர்களுக்குப் புரியும், ஏனென்றால் அது அவர்களுடைய சொந்தக் கவலை.

மேலே சொன்ன ஃப்ளோசைட்டோபாட்டின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்காக டெக்சஸின் போர்ட் அரான்சஸில் அது ஓடிக்கொண்டிருந்தது. 2008 தொடக்கத்தில் டைனோஃபைசிஸ் என்ற நச்சுப்பாசி பெருகுவது அதன் படங்களில் தெரிந்தது. அங்கே யாரும் எதிர்பார்த்திராத பாசி. சிப்பித் திருவிழா நெருங்கிய நேரம். அறுவடையை நிறுத்தினார்கள், சந்தைக்குப் போன சிப்பிகளைத் திரும்ப வரவழைத்தார்கள். விண்ணப்பத்தில் எழுதாத பயன் அது. கருவி நீரில் இருந்ததால் கிடைத்தது.

பரிசுப்போட்டிகளில் கலந்துகொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் முடிந்த வெண்டி ஷ்மிட் கடல்நல எக்ஸ்பிரைஸ், கடல்நீரின் அமிலத்தன்மையை அளக்கும் உணரிகளுக்காக 20 லட்சம் டாலர் வைத்தது. துல்லியம், மலிவு என்ற இரண்டு பிரிவிலும் வென்றது மிசூலாவிலிருந்து வந்த ஒரு சிறு நிறுவனம் (மொன்டானா மாநிலத்துக்குக் கடற்கரையே கிடையாது). அமிலத்தன்மையைச் சொல்லும் பிஹெச் என்பது ஓர் எண். யாருடையது சரி என்று அளந்து பார்த்துப் பரிசு கொடுக்கலாம். பல்லுயிர் வளத்துக்கு அப்படியோர் எண் இல்லை. உயிர்கள் நீரில் விட்டுச்செல்லும் டிஎன்ஏவை வைத்து இனம் காணும் சூழல் டிஎன்ஏ முறையும் இங்கேதான் தடுமாறுகிறது. ஒரு குவளை நீரிலிருந்து இத்தனை இனங்கள் என்று பட்டியல் தரும், எத்தனை மீன் என்று சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்கத் தரவுத்தொகுப்பில் அந்த இனத்தின் டிஎன்ஏ வரிசை இல்லையென்றால் பெயரும் சொல்லாது. அந்தத் தொகுப்பை நிரப்ப, உயிர்களை இனம் பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியலாளர்கள் வேண்டும். அவர்களின் சம்பளத்தை 'புதுமை' என்ற தலைப்பில் யாரும் அனுமதிப்பதில்லை.

இதில் நானும் குற்றவாளி. ஒருமுறை விண்ணப்பங்களை மதிப்பிடும் குழு ஒன்றில் இருந்தேன். கடலுக்கடியில் நிலையாக நிறுத்தும் கேமரா ஒன்றுக்கான திட்டம். அதில் மாதம் ஒருமுறை முக்குளிப்பவர் இறங்கித் துடைப்பதற்குப் படகுச் செலவு கேட்டிருந்தார்கள். வழக்கமான செலவு என்று அதை அடித்தோம். நானும் தலையாட்டினேன். சில மாதங்களில் கண்ணாடி முழுக்கப் பாசி, அதன் மேல் ஒட்டுச்சிப்பி. மீதிக் காலம் முழுவதும் அந்தக் கேமரா தன் முகத்திலிருந்த அழுக்கையே படமெடுத்தது. யானை வாங்கிக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை.

கடலில் தானாக மூழ்கி எழுந்து அளக்கும் மிதவைகளின் கணக்கும் இப்படித்தான். ஆக்சிஜன், நைட்ரேட், குளோரோஃபில் அளக்கும் 500 ஆர்கோ மிதவைகளுக்கு 2020-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 5.3 கோடி டாலர் கொடுத்தது. நல்ல தொகைதான். ஒரு மிதவை ஐந்தாண்டு ஓடும் என்று வைத்துக்கொண்டால், எண்ணிக்கை குறையாமலிருக்க ஆண்டுதோறும் நூறு புதிதாகப் போட வேண்டும். யுனெஸ்கோவின் 2020 அறிக்கைப்படி நாடுகள் தங்கள் ஆராய்ச்சிப் பணத்தில் கடலுக்கு ஒதுக்குவது சராசரியாக 1.7 சதவீதம். அதற்குள்தான் கப்பல், எரிபொருள், ஆய்வகம் எல்லாம்.

எனவே உங்கள் விண்ணப்பத்தில் துடைக்கும் செலவை எழுதுங்கள், அடித்தால் சண்டை போடுங்கள். வகைப்பாட்டியலாளர் ஒருவரின் பாதிச் சம்பளத்தையாவது சேருங்கள். மூலப் படங்களைச் சேமித்து வைக்கும் செலவையும் தனி வரியாகக் கேளுங்கள். எண்ணிக்கை மட்டும் போதுமே, படம் எதற்கு என்பார்கள். பட்டுச் சுருள்களை எண்ணி முடித்ததும் எறிந்திருந்தால் பிளாஸ்டிக்கும் இல்லை, விப்ரியோவும் இல்லை.

ஒன்று கேட்க விட்டுப்போனது. உங்கள் கேமரா ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நீரைப் பார்க்கும்? கடிதத்தில் அதைக் காணோம். அந்த எண்ணை எழுதி அனுப்புங்கள். எந்த வலையோடு சேர்த்து ஓட்டலாம் என்பதை அதை வைத்துத்தான் யோசிக்க முடியும்.