கனடாவின் ஒன்ராறியோப் பள்ளிகளில் கறுப்பினத்தவருக்கு எதிரான இனவாதம்: பள்ளி அதிபர்களின் பொறுப்பு பற்றிய கேள்வி பதில்

(பதில் அளிப்பவர்: ரொறன்ரோவில் ஓய்வு பெற்ற உப அதிபர்)

ஸ்காபரோவில் இருந்து ஒரு தாய்: எல்லா இனப் பிள்ளைகளும் ஒன்றாகத்தானே படிக்கிறார்கள்? கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் தனியாகப் பேசுவது ஏன்?

ஒன்றாகப் படிப்பதே அண்மைக் காலத்தில் வந்ததுதான், அம்மா. 1850ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளிகளை அனுமதித்தது. அவற்றுள் கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1965இல். யோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஜேம்ஸ் தலைமையில் 2017இல் வெளிவந்த அறிக்கையின்படி, ரொறன்ரோ கல்விச் சபையில் உயர்நிலைப் பள்ளியை முடிப்பதற்குள் ஒருமுறையேனும் தண்டனையாகச் சில நாள் பள்ளிக்கு வராதபடி இடைநிறுத்தப்பட்டவர்கள் கறுப்பின மாணவரில் 42 விழுக்காடு, வெள்ளையரில் 18, ஏனைய சிறுபான்மை இனத்தவரில் 15. அந்தக் கடைசிப் பிரிவில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் அடக்கம் என்பதால், நிறமுள்ள எல்லோருக்கும் ஒரே அனுபவம்தான் என்று நாம் சொல்ல முடியாது.

ஓர் ஆசிரியர்: ஓர் அதிபர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தாம் கையொப்பமிட்ட இடைநிறுத்தக் கடிதங்களில் இருந்து. யாரை, எதற்காக, எத்தனை நாள் இடைநிறுத்தினார், அதே தவறைச் செய்த வேறு இனப் பிள்ளையை எப்படி நடத்தினார் என்பவற்றைப் பெயர்களை நீக்கி ஆசிரியர் கூட்டத்தில் விரித்து வைக்க வேண்டும். 'எதிர்த்துப் பேசினான்' என்பது போல, பார்ப்பவரின் மனத்தைப் பொறுத்து மாறும் காரணங்களை அங்கே ஒவ்வொன்றாகக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். ரொறன்ரோவுக்கு மேற்கே உள்ள பீல் பகுதியின் கல்விச் சபை பற்றிய 2020 ஆய்வு, உயர்நிலை மாணவரில் 10.2 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவர் இடைநிறுத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ 22.5 விழுக்காடாக இருந்ததைக் காட்டியது. அவ்வாண்டு யூன் மாதத்தில் மாகாண அரசு அந்தச் சபையின் நிர்வாகத்தை ஒரு மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்தது. பெப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாத விழா நடத்துவது நல்லதே; ஆனால் மார்ச்சில் அற்பக் காரணத்துக்கு வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளை அந்த விழாவை எப்படி நம்பும்?

ஒரு தந்தை: 9ஆம் வகுப்பில் மாணவரைப் பல்கலைக்கழகப் பாதைக்கும் பிற பாதைகளுக்கும் எனப் பிரித்துவைத்த பிரிவுகளை நீக்கியதால் என் மகனின் படிப்புத் தரம் குறையாதா?

பிரிவுகள் திறமையை மட்டும் பார்த்துப் பிரிக்கவில்லை. அதே 2017 அறிக்கையில், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் பிரிவில் வெள்ளையரில் 81 விழுக்காட்டினர் இருந்தபோது கறுப்பினத்தவரில் 53 விழுக்காட்டினரே இருந்தார்கள். 2022இல் அந்தப் பிரிப்பு முடிவுக்கு வந்தது சரியான முடிவு. தரம் காக்க, கூடுதல் ஆசிரியரைக் கேளுங்கள்.

ஒரு தாய்: கறுப்பின மாணவனை இழிசொல்லால் அழைத்ததாக என் மகன்மீது முறைப்பாடு வந்திருக்கிறது. என்ன செய்வது?

மறுக்காதீர்கள். அதிபர் முதலில் பேச வேண்டியது காயப்பட்ட பிள்ளையுடனும் அவன் பெற்றோருடனும். அதற்கு இடம் கொடுங்கள். வீட்டில் நம்மவர் கறுப்பினத்தவரைக் குறித்துக் கூசாமல் சொல்லும் 'காப்பிலி' என்ற இழிசொல்லை உங்கள் மகன் எத்தனை முறை கேட்டிருப்பான் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதிபரைச் சந்திக்கச் செல்லும் முன், அந்தச் சொல்லைப் பற்றி அவனுடன் அமர்ந்து பேசுங்கள்.