டீச்சக்கை, டீ பேக், மக்கு உரம்: கேள்வி பதில்

கேள்வி: வடிகட்டியில் மிஞ்சும் டீச்சக்கையைத் தினமும் ரோஜாச் செடியின் தூரில் கொட்டுகிறேன். இப்போது மேலே வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. செடிக்கு ஆபத்தா?

பதில்: பூஞ்சையால் ஆபத்தில்லை, சக்கையை மக்க வைப்பதே அதுதான். ஆனால் தினமும் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். ஈரச் சக்கை காயக் காயப் பொருக்குக் கட்டி இறுகிவிடும். ஊற்றுகிற தண்ணீர் வேருக்கு இறங்காமல் பக்கவாட்டில் வழிந்துபோகும். அந்தப் பொருக்கை விரலால் உதிர்த்து மேல்மண்ணோடு கிளறிவிடுங்கள். இனி மக்கு உரத் தொட்டியில் சேர்த்து, மக்கிய பிறகு செடிக்குக் கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்க வைப்போம். அந்தச் சக்கை ஆகுமா?

பதில்: ஆகும், அலசினால். இரண்டு தண்ணீர் விட்டு அலசிப் பிழிந்து போடுங்கள். அப்படியே போட்டால் பால் புளித்து நாறும், எறும்பும் ஈயும் மொய்க்கும், எலியும் வரும். இஞ்சித் துண்டு இருந்தால் பரவாயில்லை. ஏலக்காய்த் தோல் மக்கக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

கேள்வி: சக்கை பழுப்பாகத்தானே இருக்கிறது, காய்ந்த சருகுக் கணக்கில் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. நிறத்தைப் பார்க்காதீர்கள், தழைச்சத்தை (நைட்ரஜனை) பாருங்கள். காய்ந்த எடையில் ஏறக்குறைய 4 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் இது காய்கறித் தோல் போன்ற பச்சைக் கழிவின் கணக்கு. ஒரு பங்கு சக்கைக்கு இரண்டு மூன்று பங்கு சருகோ, கிழித்த அட்டையோ சேருங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். தண்ணீர் ஒழுகினால் சருகு போதவில்லை.

கேள்வி: டீ பேக்கை முழுசாகவே தொட்டியில் போட்டேன். உரத்தைச் சலிக்கும்போது உள்ளே இருந்த தூள் மக்கிவிட்டது, பை மட்டும் வலை வலையாக வருகிறது. ஏன்?

பதில்: அது பிளாஸ்டிக். இதைப் பலரும் கவனிப்பதில்லை என்பதுதான் என் கவலை. பளபளவென்று முக்கோணமாக வரும் பைகள் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர். காகிதம் போலத் தெரிகிற பைகளிலும், சூட்டில் ஓரம் ஒட்டுவதற்காகப் பாலிப்ரொப்பிலீன் இழை கலந்திருப்பது உண்டு. காகித நார் மக்கிவிடும், அந்த இழை மண்ணிலேயே தங்கிவிடும். சோளத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் வலை மக்க ஏறக்குறைய 60 டிகிரி சூடு நீடித்து வேண்டும். வீட்டுத் தொட்டியில் அது கிடைப்பது அரிது. ஆகவே டீ பேக் பெட்டியில் ‘மக்கும்’ என்று மட்டும் இருந்தால் நம்பாதீர்கள், ‘வீட்டிலேயே மக்கும்’ என்று இருக்கிறதா பாருங்கள்.

சோதிக்க, காலிப் பையைக் காயவைத்து ஓரத்தைக் கிழியுங்கள். காகிதம் பிசிறு பிசிறாகக் கிழியும், வலை இழுபட்டு நீளும். இடுக்கியில் பிடித்து நெருப்பு காட்டினால் பிளாஸ்டிக் உருகிச் சிறு மணியாக உறையும், காகிதம் சாம்பலாகும்.

2013-இல் வெளியான ஓர் ஆய்வு முறையில், டீ பேக்குகளை மண்ணில் சுமார் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, சுமார் 90 நாள் கழித்துத் தோண்டி எடுத்து எடை போடுகிறார்கள். தூள் எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து அந்த மண்ணில் மக்கும் வேகம் தெரியும். பை மக்காமல் இருப்பதால்தான் அப்படி எடுத்து எடைபோட முடிகிறது. நீங்கள் பையை வெட்டித் தூளை மட்டும் கொட்டுங்கள். ஸ்டேப்ளர் பின், நூல், அட்டை எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: காலாவதியான டீத்தூள் ஒரு பாக்கெட் இருக்கிறது. மண்ணில் கலக்கலாமா?

பதில்: நேராக வேண்டாம். கொதிக்காத தூளில் காஃபீன் முழுசாக இருக்கும், நாற்றுகளின் வளர்ச்சியைத் தடுக்கும். மக்கு உரத் தொட்டியில் கைப்பிடி கைப்பிடியாக, நனைத்து, சருகோடு கலந்து போடுங்கள்.

கேள்வி: மண்புழுத் தொட்டிக்கு?

பதில்: அலசிய சக்கையைப் புழுக்கள் விரும்பியே தின்னும். ஒரு மூலையில் கொஞ்சமாகப் போட்டு, தீர்ந்த பிறகு அடுத்ததைப் போடுங்கள்.