ஷான்ஷியும் ஷான்ஷியும்

வணக்கம் சார்,

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இன்ஜினியராக இருக்கிறேன். சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்தவர்களோடு தினமும் வேலை. அதற்காகவே மாண்டரின் படித்து வருகிறேன். எழுத்தும் இலக்கணமும் பரவாயில்லை, காதுதான் ஒத்துழைக்கவில்லை. சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் எக்ஸ் போட்டு எழுதுவதும் எஸ்ஹெச் போட்டு எழுதுவதும் எனக்கு ஒரே 'ஷ'. பின்யினில் பஸ்ஸின் முதல் எழுத்தைப் போட்டு எழுதுவதும் பென்சிலின் முதல் எழுத்தைப் போட்டு எழுதுவதும் ஒரே 'ப'. பக்கத்து சீட்டில் இருக்கும் பீகார்க்காரர் இந்த 'ப'வை மட்டும் சட்டென்று பிரித்துவிடுகிறார். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு மூன்றாவது சுலபம் என்கிறார்கள். தமிழும் ஆங்கிலமும் சின்ன வயதிலிருந்தே பேசுகிற எனக்கு ஏன் இப்படி? இந்த வயதுக்கு மேல் காது திருந்துமா?

இன்னொன்று. வீட்டில் பத்து மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். அவளாவது கஷ்டப்படக் கூடாதென்று சீனப் பாட்டு வீடியோ போட்டுக் காட்டுகிறேன். பயன் உண்டா?

ஒரு வாசகர், தாம்பரம்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காதில் குறை ஒன்றும் இல்லை. தமிழுக்குத் தேவையில்லாத வேறுபாடுகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு அது சின்ன வயதிலேயே பழகிவிட்டது, அவ்வளவுதான். 'சட்டை', 'பச்சை', 'பஞ்சு' என்று சொல்லிப் பாருங்கள். சென்னைக்காரர் வாயில் அந்த மூன்று 'ச'வும் மூன்று வேறு ஒலிகள். யாராவது சுட்டிக்காட்டும்வரை நமக்கு ஒன்றுதான்.

இரண்டு மொழி தெரிந்தால் எந்த மொழிக்கும் காது கூர்மையாகிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. பார்சிலோனாவில் ஸ்பானிஷும் கேட்டலனும் சேர்ந்தே புழங்குகின்றன. ஸ்பானிஷில் ஒரே ஒரு 'எ', கேட்டலனில் வாயைக் கொஞ்சம் குறுக்கி ஒன்று, திறந்து ஒன்று என இரண்டு. பல்லியே, போஷ், செபாஸ்தியன்-கயேஸ் மூவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானிஷ் பேசும் வீட்டில் பிறந்து, சிறு வயதிலேயே கேட்டலனும் கற்று, இரண்டையும் சரளமாகப் பேசி வந்தவர்களே அந்த இரண்டு 'எ'வைப் பிரித்துக் கேட்கத் திணறினார்கள். ஆகவே ஒருவருக்கு எத்தனை மொழி தெரியும் என்பதைவிட, அந்த மொழிகள் எந்த ஒலிக்கும் எந்த ஒலிக்கும் நடுவே கோடு போட்டிருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் 'ப' சிக்கலும் இதுதான். பஸ்ஸையும் பென்சிலையும் நாம் பிரிப்பது தொண்டை அதிர்வதை வைத்து. அது ஆங்கிலம் நமக்குக் கொடுத்த கோடு. மாண்டரினில் அந்த இரண்டு எழுத்துக்குமே தொண்டை அதிராது. ஒன்றில் மூச்சு வெடித்து வெளியே வரும், மற்றதில் வராது. 'அப்பா'வுக்கான சொல்லும் 'பயப்படு' என்பதற்கான சொல்லும் அந்த மூச்சு ஒன்றால்தான் வேறாகின்றன, தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம்கூட இரண்டுக்கும் ஒன்றே. நம் தமிழிலும் அந்த மூச்சுக்கு வேலை இல்லை, சென்னையில் நாம் பேசும் ஆங்கிலத்திலும் இல்லை. ஆக இரண்டு மொழி இருந்தும் இந்த இடத்தில் கைகொடுக்க ஒன்றுமில்லை. இந்தி அந்த மூச்சை வைத்தே தனித்தனி எழுத்து வைத்திருக்கிறது. உங்கள் நண்பரின் கெட்டிக்காரத்தனம் அங்கிருந்து வருகிறது. எக்ஸ், எஸ்ஹெச் விஷயத்தில் அவரைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அவரும் உங்களைப் போலத்தான் முழிப்பார்.

அடுத்தது அந்த 'ஷ'. முழுக்கப் புதிய ஒலியைவிட, பாதி தெரிந்த ஒலிதான் காதை ஏமாற்றும். ஜூலு மொழியில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் உண்டு. கேத்தரின் பெஸ்ட்டும் அவருடைய சகாக்களும் 1988இல் அவற்றை அமெரிக்கர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். வாழ்நாளில் கேட்டிராத அந்த ஒலிகளை அவர்கள் நன்றாகவே பிரித்தார்கள், ஏனென்றால் ஆங்கிலத்தின் எந்த ஒலியோடும் அவை ஒட்டவில்லை. பாதி தெரிந்த ஒலி தெரிந்தவர் ஜாடையில் இருக்கும் அந்நியர் மாதிரி. முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவோம். 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது தமிழில் அவர் பெயரை 'ஷி' என்றும் 'ஜி' என்றும் 'ஜீ' என்றும் எழுதினோமே, நினைவிருக்கிறதா? பெயரின் முதல் ஒலி அந்த எக்ஸ்தான்.

இதற்கு வழி தொல்காப்பியத்தின் பிறப்பியலில் கிடைக்கிறது. சகாரத்துக்கு இடைநா, டகாரத்துக்கு நுனிநா என்று அது இடம் பிரிக்கிறது. எக்ஸ் ஒலி இடைநாவின் வேலை. நாக்கின் நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னால் கிடக்க, நடுப்பகுதி மேலே எழும். எஸ்ஹெச் நுனிநாவின் வேலை. நுனி எழுந்து மேல் ஈறுக்குப் பின்னால் நிற்கும், ஆனால் 'ட' சொல்கிற அளவுக்கு வளைய வேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். வாய் பிரித்த பிறகு காது பிரிப்பது கொஞ்சம் சுலபமாகும் என்பது என் எண்ணம்.

பயிற்சிக்கு நல்ல சொல் வேண்டுமென்றால் இரண்டு மாகாணங்களின் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வட சீனாவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டையும் தமிழில் எழுதினால் ஷான்ஷி, ஷான்ஷி. நாம் 'ஷ' என்று எழுதும் இரண்டு இடங்களில் முதலாவது எஸ்ஹெச், இரண்டாவது எக்ஸ். ஒரே சொல்லில் இரண்டும் கிடைக்கின்றன. மாகாணங்கள் இரண்டுக்கும் உள்ள வேறுபாடோ முதல் அசையின் தொனி மட்டும். ஒன்றில் குரல் உயரத்தில் சமமாக நிற்கும், மற்றதில் தாழ இறங்கும். ரோமன் எழுத்தில் தொனிக்குறி இல்லாமல் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதால், இரண்டாவதற்கு மட்டும் கூடுதலாக ஒரு 'ஏ' சேர்த்து எழுதுகிறார்கள்.

தொனி நமக்குப் புதிதில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. 'வந்தாச்சு' என்பதையே குரல் ஏற்றினால் கேள்வி, இறக்கினால் பதில். மாண்டரினில் அந்த ஏற்ற இறக்கம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஏறும் தொனியைக் கேட்டதும் 'ஏதோ கேட்கிறார்' என்று தோன்றினால், அந்த எண்ணத்தை ஒதுக்கிவிட்டுக் கேட்டுப் பழகுங்கள். உங்கள் வேலையில் இது ரொம்ப முக்கியம். நாலும் பத்தும் எஸ், எஸ்ஹெச் வேறுபாட்டில் நிற்கும் எண்கள். தைவான்காரர்கள் பலர் பேச்சில் எஸ்ஹெச்சையும் எஸ்ஸாகவே சொல்லிவிடுவார்கள். அப்போது உங்களுக்கு மிஞ்சுவது தொனி ஒன்றே: நாலு சரேலென்று இறங்கும், பத்து ஏறும். பதினாலா நாற்பதா என்று சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் விரலைக் காட்டிக் கேளுங்கள்.

காது திருந்துமா என்றால், திருந்தும். வாங், ஸ்பென்ஸ், ஜோங்மன், செரெனோ நால்வரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க மாணவர்களுக்கு இரண்டு வாரத்தில் எட்டு அமர்வுகள் தொனிப் பயிற்சி கொடுத்தார்கள். சரியாக அடையாளம் காண்பது சராசரியாக 21 சதவீதம் கூடியது, ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்தது. அந்தப் பயிற்சியில் ஒருவர் குரலை மட்டும் வைத்துக்கொள்ளாமல் பலருடைய குரல்களைக் கேட்க வைத்தார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் சரி, தப்பு உடனே தெரிந்தது. வகுப்பில் ஒரே ஆசிரியர் குரலைக் கேட்டால் அவரை மட்டும்தான் புரிந்துகொள்வீர்கள். உங்களைச் சுற்றித்தான் இத்தனை பேர் இருக்கிறார்களே, கேண்டீனில் ஆளுக்குப் பத்து சொல் போனில் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, இதுவா அதுவா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் பின்யினைப் பாருங்கள். தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கடைசியாக, குழந்தை. பட்ரீஷியா கூல் குழுவினர் சியாட்டிலில் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வந்தது. மாண்டரின் பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, பொம்மை வைத்து விளையாடி, புத்தகம் படித்துக் காட்டினார்கள். பன்னிரண்டு அமர்வுகளில் அமெரிக்கக் குழந்தைகள் எக்ஸையும் க்யூ போட்டு எழுதும் ஒலியையும் தைவான் குழந்தைகளுக்கு இணையாகப் பிரித்தார்கள். அதே ஆட்கள் அதே பாடத்தை டிவியில் நடத்தியபோது எதுவும் ஏறவில்லை. ஆகவே அதற்காக வீடியோ வேண்டாம், நிறுத்திவிடுங்கள். சீன சகாக்களில் யாராவது குடும்பத்தோடு வந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பாப்பாவோடு தரையில் உட்கார்ந்து அவர்கள் மொழியிலேயே கொஞ்சட்டும். மற்ற நாட்களில் நீங்களும் உங்கள் மனைவியும் ல, ள, ழ மூன்றும் தெளிவாக விழும்படி அவளிடம் நிறையத் தமிழ் பேசுங்கள்.

அன்புடன்