கோட்டை எங்கே போச்சு?

கேள்வி: குடும்பத்தோடு ஃபோர்ட் கொச்சி போய் வந்தோம். பெயரில்தான் கோட்டை இருக்கிறது, ஊரில் காணோம். டூரிஸ்டுகளை இழுக்க வைத்த பெயரா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பெயரில் பொய் இல்லை. நீங்கள்தான் 200 வருஷம் தாமதமாகப் போயிருக்கிறீர்கள்.

1503-ல் கொச்சி ராஜாவின் சம்மதத்தோடு போர்த்துகீசியர்கள் முதலில் மரத்தில் கட்டி, அப்புறம் பலப்படுத்திய கோட்டை அது. துறைமுக வாயிலேயே நின்றது. 1663-ல் பிடித்த டச்சுக்காரர்கள் பாதிக்கு மேல் இடித்துச் சுருக்கினார்கள். 1795-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

கூத்தே இனிமேல்தான். சமாதானம் ஏற்பட்டால் டச்சுக்காரர்களிடமே திருப்பித் தர வேண்டியிருக்குமே என்ற பயத்தில், 1806-ல் ஆங்கிலேயர்கள் கோட்டைக்கு வெடி வைத்தார்கள். 1814-ல் ஒப்பந்தம் வந்தது. சுமத்ரா பக்கத்துப் பாங்கா தீவை டச்சுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, கொச்சியை ஆங்கிலேயர்களே வைத்துக்கொண்டார்கள். எட்டு வருஷம் பொறுத்திருந்தால் கோட்டை முழுசாகவே கிடைத்திருக்கும்!

சீனவலைகளுக்குப் பக்கத்தில் பாஸ்டியன் பங்களாவைப் பார்த்திருப்பீர்களே, அது நிற்பது பழைய ஸ்ட்ராம்பெர்க் கொத்தளத்தின் மேல். அந்தப் பக்கம் நடந்திருந்தால் கோட்டையை மிதித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. பீரங்கிகளைவிட அந்தத் துறைமுக வாயைக் காத்தது கடலடி மணல்திட்டுதான். பெரிய கப்பல்கள் வெளியிலேயே நங்கூரம் போட்டுவிட்டு, சரக்கைப் படகில்தான் அனுப்ப வேண்டியிருந்தது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினீயர் அதை வெட்டி வழி செய்து, 1928-ல் முதல் பெரிய கப்பலை உள்ளே கொண்டுவந்தார். தோண்டிய மண்ணைக் கொட்டி உருவானதுதான் வில்லிங்டன் தீவு. சென்னை கவர்னராக இருந்தவரின் பெயர் அங்கே எதற்கு என்பீர்கள். கொச்சி ராஜ்யம் சுற்றிலும் இருந்தாலும், ஃபோர்ட் கொச்சி மட்டும் பிரிட்டிஷ் மண். மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து 1956 வரை சென்னையின் கீழ்தான் இருந்தது.

வெளி என்ற பகுதியில் உள்ள டோபிகானாவை விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். டச்சுப் பட்டாளத்துக்குத் துணி வெளுக்க அழைத்துவரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். கஞ்சி போட்ட துணியை முறுக்குக் கயிற்றின் பிரிகளுக்கு நடுவே செருகிக் காயவைக்கிறார்கள், கிளிப் கிடையாது. அடுத்த தடவை போனால் எட்டிப் பாருங்கள். தமிழிலேயே பேசலாம்.