அரிய பிராண்ட் கார் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

தம்பி, உங்கள் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது. பிரிட்டனுக்கு வந்து ஏழு மாதம். மருத்துவமனையில் ஷிப்ட் வேலை, வீட்டிலிருந்து 18 மைல், இரவு ஷிப்டுக்குப் பஸ் கிடையாது. கையில் இருப்பது 8,000 பவுண்ட். அந்தப் பணத்துக்கு 2017 இன்ஃபினிட்டி (நிஸானின் சொகுசு பிராண்ட்) க்யூ30 டீசல் ஒன்று தோல் சீட்டோடு, 45,000 மைல் ஓடி நிற்கிறது. அதே வருடத்து டொயோட்டா ஆரிஸ் ஹைப்ரிட் 75,000 மைல் ஓடியிருக்கிறது. "இன்ஃபினிட்டிக்குள் இருப்பது மெர்சிடிஸ் சரக்குதான் என்கிறார்கள் அண்ணா, பிறகு ஏன் இவ்வளவு மலிவு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. க்யூ30, மெர்சிடிஸ் ஏ கிளாஸின் அடித்தளத்தில் உருவான கார். தயாரானதும் இதே நாட்டில், சண்டர்லேண்டில் உள்ள நிஸான் ஆலையில்தான். 1.5 டீசல் என்ஜின் ரெனோ நிறுவனத்துடையது. அதே என்ஜின் ஏ கிளாஸிலும் வந்தது. ஆக, என்ஜினைப் பார்த்து எந்த மெக்கானிக்கும் திகைக்கப் போவதில்லை. மலிவுக்குக் காரணம் வேறு. 2020இல் இன்ஃபினிட்டி மேற்கு ஐரோப்பாவை விட்டே போய்விட்டது. ஷோரூம் இல்லாத காரை வாங்க ஆட்கள் தயங்குவார்கள், விலை இறங்கும்.

இங்கே வந்த புதிதில் நானும் இப்படி ஒரு காரை வாங்கினேன். பிராண்ட் பெயர் வேண்டாம். நல்ல கார், ஓட்டச் சுகமாக இருக்கும், இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. ஒரு ஜனவரி காலையில் க்ளட்ச் பெடலை மிதித்தேன், கால் தரைவரை போனது, பெடல் திரும்பி எழவில்லை. க்ளட்சைத் தள்ளும் சிலிண்டர் கசிந்துவிட்டது. அந்தக் காரில் அது கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இருந்தது, கியர்பாக்ஸை இறக்கினால்தான் கை வைக்க முடியும். மெக்கானிக் இறக்கிவிட்டார். பாகத்தின் விலை 90 பவுண்டுக்குள்தான். ஆனால் அது இந்த நாட்டில் எங்கேயும் இல்லை. கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். வரும் தேதி இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. ஐந்து வாரம் கார் லிஃப்டின் பக்கத்தில் கியர்பாக்ஸ் இல்லாமல் நின்றது. அந்த ஐந்து வாரமும் காலை நான்கரை மணிக்கு டாக்ஸி பிடித்து வேலைக்குப் போனேன். டாக்ஸிக்குக் கொடுத்ததை எண்ணினால், க்ளட்ச் வேலையை மூன்று முறை செய்திருக்கலாம்.

அன்றிலிருந்து யார் கார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். ஒரு கார் எத்தனை முறை கெடும் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். கெட்டால் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்பவர் குறைவு. வீட்டில் இன்னொரு கார் இருப்பவருக்கு, அவசரத்துக்கு அண்ணன் தம்பி பக்கத்தில் இருப்பவருக்கு, ஐந்து வாரம் பெரிய விஷயம் இல்லை. உங்களுக்கு அது வேலையையே பாதிக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "உள்ளே வேறு கம்பெனி சரக்கு" என்பது என்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் வரைக்கும்தான் கைகொடுக்கும். ஹெட்லைட், பம்பர், பின்பக்கக் கதவு இவை அந்த மாடலுக்கு மட்டுமே உரியவை. ஏ கிளாஸின் ஹெட்லைட் க்யூ30யில் பொருந்தாது. கார் பார்க்கில் யாராவது இடித்துவிட்டுப் போனால் உங்கள் பாடு திண்டாட்டம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இது தெரியும். இந்த வயதுக் கார்களை இங்கே இன்சூரன்ஸுக்காக 1 முதல் 50 வரை குரூப்பாகப் பிரித்திருக்கிறார்கள். பாகங்களின் விலையும் ரிப்பேருக்கு ஆகும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும். சின்ன இடிக்கே ரிப்பேர்ச் செலவு காரின் மதிப்பை நெருங்கினால், சரிசெய்யாமல் காரையே கழித்துக் கட்டிவிடுவார்கள். அப்புறம் கிடைக்கும் தொகைக்கு நீங்கள் வேறு கார் தேடி அலைய வேண்டும்.

புதிதாக வந்தவருக்கு இங்கே ஓட்டிய அனுபவமும் நோ கிளைம் போனஸும் இல்லாததால் பிரீமியம் எப்படியும் அதிகம். அதனால் காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே அதன் பதிவு எண்ணைப் போட்டு, இரண்டு கார்களுக்கும் தனித்தனியாக இன்சூரன்ஸ் விலை கேட்டுப் பாருங்கள். நம் நாட்டு லைசன்ஸில் இங்கே 12 மாதம்தான் ஓட்டலாம் என்பது நினைவிருக்கட்டும். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, டெஸ்டுக்கு இப்போதே பதிவு செய்யுங்கள்.

அப்படியானால் அரிய பிராண்ட் என்றாலே ஒதுக்க வேண்டுமா? இல்லை. மிட்சுபிஷி 2021இல் இங்கே புதிய கார் விற்பதை நிறுத்தியது, ஆனாலும் பழைய கார்களுக்கான சர்வீஸும் பாகங்களும் தொடர்ந்தன. சுவீடனின் சாப் கார் கம்பெனி 2011 டிசம்பரில் திவாலானது. அதன் உதிரிபாகப் பிரிவு தனியாக நடந்தது, அந்தக் கார்களை மட்டுமே பார்க்கும் மெக்கானிக்குகளும் இருந்தார்கள். கம்பெனி போன பிறகு பாகங்களுக்கு யார் பொறுப்பேற்றார்கள் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். அதுபோல கார் முழுவதுமே வேறு கம்பெனியிடம் இரவல் என்றால் அது பெரிய வசதி. சுசுகி ஸ்வேஸ் என்று ஒரு கார் உண்டு. பேட்ஜும் முன்பக்கமும் தவிர அது டொயோட்டா கொரோலா எஸ்டேட்தான், டொயோட்டாவின் பர்னாஸ்டன் ஆலையிலேயே தயாரானது. 2022இல் வந்த மாஸ்டா2 ஹைப்ரிட்டும் அப்படியே டொயோட்டா யாரிஸ். இவை உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே, ஆனால் நாளைக்கு உதவும்.

இரவல் சரக்கு எப்போதும் நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். பெஜோவின் 1.2 ப்யூர்டெக் பெட்ரோல் என்ஜினில் டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடும்; பெல்ட் சிதைந்தால் அந்தத் துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் வழியை அடைக்கும். சித்ரோயன், வாக்ஸ்ஹால் என்று பேட்ஜ் மாறினாலும் அந்த என்ஜின் இருக்கும் கார்களில் அதே கவலைதான்.

இப்போது உங்கள் இரண்டு கார்களுக்கு வருவோம். அரசு இணையதளத்தில் எம்.ஓ.டி. (கார் ஓட்டத் தகுதியானதா என்று வருடா வருடம் செய்யும் சோதனை) வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். பாஸ், ஃபெயிலை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். ஒவ்வொரு சோதனையிலும் பதிவான மைல், கீழே 'கவனிக்க வேண்டியவை' என்று எழுதியிருக்கும் வரிகள், எல்லாவற்றையும் வாசியுங்கள். ஒரே டயர் உள்பக்கமாகத் தேய்கிறது என்று மூன்று வருடம் தொடர்ந்து வந்தால், உரிமையாளர் டயரை மட்டும் மாற்றிவிட்டுக் காரணத்தை விட்டுவிட்டார் என்று அர்த்தம். அப்புறம் உங்கள் ஊரில் உள்ள தனியார் மெக்கானிக் ஒருவருக்கு போன் போட்டு, க்யூ30யின் முன் ஹெட்லைட்டும் ஏபிஎஸ் சென்சாரும் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். ஆரிஸுக்கும் அதையே கேளுங்கள். அவர் பதில் சொல்ல எடுக்கும் நேரத்திலேயே உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

என் முடிவு ஆரிஸ்தான். மைல் கூடுதல் என்று பயப்பட வேண்டாம். டொயோட்டா டீலரிடம் சர்வீஸ் செய்தால், ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு வருடம் அல்லது 10,000 மைல் வாரண்டி சேரும். பத்து வயது அல்லது 1,00,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை. செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கும் இது உண்டு. மைல் கணக்கில் உங்களுக்கு இன்னும் 25,000 மைல் இருக்கிறது, ஆனால் 2017 காருக்கு 2027இல் பத்து வயதாகிவிடும், வாரண்டி அதோடு நிற்கும். அதற்குள் வேலை மாறி வேறு ஊர் போனாலும் ஆரிஸை ஒரு வாரத்தில் விற்றுவிடலாம். க்யூ30 வாங்கும்போது மலிவாகக் கிடைத்த அதே காரணத்தால், விற்கும்போதும் அடிமட்ட விலைக்குத்தான் போகும்.

ஆரிஸைப் பார்க்கப் போகும்போது பின் சீட்டின் ஓரத்தில் ஹைப்ரிட் பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம் இருக்கும். அதில் தூசியோ நாய் முடியோ அடைத்திருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். இரண்டு காரின் பதிவு எண்ணையும் எனக்கு அனுப்புங்கள், எம்.ஓ.டி. வரலாற்றைச் சேர்ந்தே வாசித்துவிடலாம். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.