வீட்டுல பிரசவம்னா பாதி ப்ளான் வீட்ட விட்டு கிளம்பறதுக்குத்தான்

கேள்வி: மேடம், எனக்கு 31 வாரம் ஆகுது, இது ரெண்டாவது. மூத்தவ மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரில நார்மலா பொறந்தா, ஒரு பிரச்சனையும் இல்ல. இந்த தடவ மிட்வைஃப் வச்சு வீட்டுலயே பெத்துக்கலாம்னு ஆசை. வீட்டுக்காரர் சரின்னுட்டார், மாமியார்தான் பயப்படறாங்க. என்னென்ன வாங்கி வைக்கணும்னு ஒரு லிஸ்ட் குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும்.

பதில்: லிஸ்ட் தரேன்ம்மா, ஆனா அது கடைசிலதான் வரும். கேக்கறவங்க எல்லாருமே பிளாஸ்டிக் ஷீட்டு, துண்டு, தொட்டின்னுதான் ஆரம்பிக்கறாங்க, அதெல்லாம் ஒரு மத்தியானத்துல வாங்கிடலாம். யோசிக்க வேண்டியது வேற. நடுவுல ஏதோ ஒண்ணு சரியில்லைன்னு மிட்வைஃப் சொன்னா, அந்த நிமிஷத்துலருந்து ஆஸ்பத்திரி டேபிள் மேல நீங்க படுக்கற வரைக்கும் என்னென்ன நடக்கும், யார் யார் என்னென்ன செய்வாங்க, எவ்வளவு நேரமாகும்? இதுக்கு பதில் இருந்தா வீட்டுல பெத்துக்கலாம். இல்லைன்னா மத்ததெல்லாம் வாங்கி வச்சும் பிரயோஜனம் இல்ல.

முதல்ல நீங்க இதுக்கு தகுந்த ஆளான்னு பாக்கணும். ரெண்டாவது பிரசவம், மொதல்ல நார்மல், இது உங்களுக்கு பெரிய பிளஸ். இங்கிலாந்துல 2011ல வந்த பர்த்பிளேஸ்ங்கற ஆய்வுல, சிக்கல் இல்லாத கர்ப்பம்னு முடிவு பண்ணின 64,000 பேருக்கு மேல கணக்கெடுத்தாங்க. அதுல வீட்டுல பெத்துக்கறேன்னு ஆரம்பிச்ச முதல் பிரசவக்காரங்கள்ல 100க்கு 45 பேர் நடுவுலயோ பிரசவம் முடிஞ்ச உடனேயோ ஆஸ்பத்திரிக்கு மாற வேண்டி வந்துச்சு, ஏற்கனவே பெத்தவங்கள்ல 100க்கு 12 பேர்தான். குழந்தைக்கு பெரிய பாதிப்புன்னு பாத்தா முதல் பிரசவத்துல வீட்டுல ஆயிரத்துக்கு 9 சொச்சம், ஆஸ்பத்திரில 5 சொச்சம், ரெண்டாவது பிரசவத்துலருந்து அப்படி ஒரு வித்தியாசம் தெரியல. ஆனா ஒண்ணு மறந்துடாதீங்க, அங்க மிட்வைஃப்னா முறையா படிச்சு பதிவு பண்ணினவங்க, பையில மருந்து இருக்கும், ஒரு போன் போட்டா ஆஸ்பத்திரில கதவு தெறந்து வச்சிருப்பாங்க. அந்த ஏற்பாடு இல்லாத எடத்துக்கு இந்த நம்பர தூக்கிட்டு வந்து சமாதானம் சொல்லிக்க கூடாது.

பிரஷர், சுகர், ரத்தம் ரொம்ப கம்மி, ரெட்டை குழந்தை, தலை கீழ திரும்பாத குழந்தை, நச்சுக்கொடி கர்ப்பப்பை வாய மறைச்சுக்கிட்டு கீழ இருக்கறது, போன தடவ சிசேரியன், போன தடவ பிரசவத்துக்கு அப்பறம் நிக்காத உதிரப்போக்கு, இதுல ஒண்ணு இருந்தாலும் வீடு வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். 37 வாரம் முடியறதுக்கு முன்னாடி வலி வந்தாலும் ஆஸ்பத்திரிதான், 42 தாண்டினாலும் ஆஸ்பத்திரிதான். இன்னொண்ணு, இன்னிக்கு தகுதி இருக்குன்னா 38வது வாரத்துலயும் இருக்கும்னு அர்த்தமில்ல. 36 வாரத்துல ஒரு தடவ எல்லாத்தையும் திரும்ப பாத்து, பிரஷர் ஏறியிருந்தா ப்ளான கைவிட தயாரா இருக்கணும், அப்போ அழுகை வரும்தான், வரட்டும்.

அடுத்தது மிட்வைஃப். இந்த வார்த்தைய இப்போ யார் யாரோ போட்டுக்கறாங்க. டூலான்னா கூட இருந்து இடுப்பு புடிச்சு விட்டு தைரியம் சொல்றவங்க, ரொம்ப நல்ல விஷயம்தான், ஆனா அவங்க பிரசவம் பாக்கற ஆள் இல்ல. அனுபவப்பட்ட பாட்டி இருக்காங்க, நூறு குழந்தை எடுத்திருக்காங்கன்னு சிலர் சொல்லுவாங்க, அந்த பாட்டி கைல ஊசி மருந்து இருக்கா, மூச்சு விடாத குழந்தைக்கு காத்து குடுக்கற பை இருக்கா? வீடியோ பாத்து நாமளே பாத்துக்கலாம்னு யாராவது சொன்னா அங்க பேச்ச நிறுத்திடுங்க. அப்பறம் நீங்க இருக்கற நாட்டுல மிட்வைஃப் வீட்டுக்கு வந்து பிரசவம் பாக்க சட்டம் விடுதா, அவங்க பதிவு இன்னும் நடப்புல இருக்கான்னு பாத்துக்கணும், சில நாட்டுல இது அரசாங்க ஏற்பாட்டுலயே நடக்குது, சில எடத்துல வழியே கெடையாது.

அவங்கள மொதல்ல பாக்கும்போது வெக்கப்படாம கேளுங்க. பிரசவ நேரத்துல ரெண்டாவதா யார் வருவாங்கன்னு கேளுங்க. குழந்தை வெளிய வந்த பிறகு கவனிக்க வேண்டியது ரெண்டு உயிர், ஒரு ஜோடி கை பத்தாது. அதே நேரத்துல இன்னொரு வீட்டுலயும் வலி வந்துட்டா என்ன பண்ணுவீங்க? கடைசியா எப்போ ஒருத்தர ஆஸ்பத்திரிக்கு மாத்தினீங்க, ஏன்? இதுக்கு "என் கைல அப்படி ஒண்ணும் நடந்ததில்ல"ன்னு பதில் வந்தா எனக்கு அவங்க மேல நம்பிக்கை போயிடும், நெறைய பிரசவம் பாத்த யாருக்கும் அப்படி ஒரு பதில் இருக்கவே முடியாது. கர்ப்பப்பைய இறுக வச்சு ரத்தப்போக்க தடுக்கற ஆக்ஸிடோசின் ஊசி மருந்த எங்க வைப்பீங்கன்னும் கேளுங்க. அது 2லருந்து 8 டிகிரிக்குள்ள குளிர்ல இருக்க வேண்டிய மருந்து, "பையிலயே சும்மா கெடக்கும்"னா சரியில்ல.

அந்த மருந்துக்கு ஏன் இவ்வளவு பேசறேன்னா, நெறமாசத்துல கர்ப்பப்பை வழியா நிமிஷத்துக்கு அரை லிட்டர், அதுக்கு மேலயும் ரத்தம் ஓடுது. நச்சுக்கொடி பிரிஞ்சதும் கர்ப்பப்பை இறுகிக்கிட்டு அந்த குழாய்ங்கள நெரிச்சு மூடணும், அது இறுகலைன்னா கொழாய தெறந்து விட்ட மாதிரிதான். குழந்தை பொறந்த உடனே தொடையில 10 யூனிட் ஆக்ஸிடோசின் போடறது அதுக்காகத்தான். 500 மில்லி தாண்டினா அதிகம்னு கணக்கு, ஆனா துணியில ஊறின ரத்தத்த கண்ணால பாத்து சொன்னா எல்லாருமே கம்மியாதான் சொல்லுவோம், நானும்தான். நான் வேலை கத்துக்கிட்ட அக்கா ஒரு பழக்கம் வச்சிருந்தாங்க, வந்ததும் வராததுமா ஒரு சமையல் தராச எடுத்து வச்சு, உலர்ந்த பேட் ஒண்ணோட எடைய மார்க்கர்ல டப்பா மூடி மேல எழுதிடுவாங்க. அப்பறம் நனைஞ்ச பேட் ஒவ்வொண்ணா தராசுல போட்டு கழிச்சு பாப்பாங்க, ஒரு கிராம்னா கிட்டத்தட்ட ஒரு மில்லி. எல்லாரும் குழந்தைய கொஞ்சிக்கிட்டு இருக்கும்போது அவங்க மட்டும் தராசு மேல குனிஞ்சிருப்பாங்க. நானும் இன்னிக்கு வரைக்கும் அத விடல.

இப்போ கிளம்பற விஷயத்துக்கு வரேன். ஒரு தடவ நான் போன வீட்டுல எல்லாமே நல்லபடியா நடந்துச்சு, ரெண்டாவது பிரசவம், நாலு மணி நேரத்துல குழந்தை அம்மா நெஞ்சு மேல. நச்சுக்கொடி மட்டும் வரல. ஊசி போட்டும் 30 நிமிஷம் ஆச்சு, வரல, ரத்தம் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்கு, ஊசி போட்டிருந்தா அதுதான் எல்லை, அதுக்கு மேல வீட்டுல காத்துக்கிட்டு இருக்க கூடாது. ஆம்புலன்ஸ் 11 நிமிஷத்துல வந்துடுச்சு. அவங்க வீடு மூணாவது மாடி, ஸ்ட்ரெச்சர் ரெண்டாவது மாடி திருப்பத்துல திரும்பவே இல்ல, செவுத்துல இடிச்சு நின்னுடுச்சு, இந்த பக்கம் தூக்கி அந்த பக்கம் சாச்சு பாத்தும் வேலைக்காகல. கடைசியா சாப்பாட்டு மேஜையோட கைப்பிடி நாற்காலி ஒண்ணுல அவங்கள உக்கார வச்சு வேட்டியால கட்டி ரெண்டு பேரா தூக்கி எறக்கினோம், ஆம்புலன்ஸ் வந்து எறங்கறதுக்கு மட்டும் இன்னொரு 14 நிமிஷம். அம்மாவும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. ஆனா அந்த வீட்டுக்கு நான் முன்னாடி நாலு தடவ போயிருக்கேன், அதே படில ஏறியிருக்கேன், ஒரு தடவ கூட டேப் வச்சு அளக்கணும்னு தோணல. அது என் தப்பு.

அதனால இந்த வாரமே உங்க வீட்டுக்காரர ஒரு டேப் எடுத்துக்கிட்டு வாசக்கதவு, படி திருப்பம், லிஃப்ட் இருந்தா லிஃப்ட், எல்லாத்தையும் அளக்க சொல்லுங்க. ராத்திரி கேட்டு பூட்டுவாங்களா, சாவி யார்கிட்ட? ஆம்புலன்ஸ்காரங்களுக்கு வழி சொல்ற நாலு வரிய ஒரு பேப்பர்ல எழுதி போன் பக்கத்துல ஒட்டுங்க, பதட்டத்துல சொந்த வீட்டு அட்ரஸே மறந்து போகும், பாத்திருக்கேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ பகல்லயும் ஒரு தடவ டிராஃபிக் நேரத்துலயும் வண்டி ஓட்டி பாருங்க. அந்த ஆஸ்பத்திரில ராத்திரியிலயும் சிசேரியன் பண்ண ஆள் இருக்காங்களா, ரத்தம் இருக்கான்னு கேளுங்க, அங்க முன்கூட்டியே போய் பேர் பதிஞ்சு ஒரு டாக்டர பாத்து உங்க ப்ளான மறைக்காம சொல்லிடுங்க. சிலர் முகம் சுளிப்பாங்க, சுளிக்கட்டும், உங்க ரிப்போர்ட் அங்க இருக்கணும். பிளட் குரூப் நெகட்டிவ்னா அதையும் பெருசா எழுதி வைங்க, குழந்தை பாசிட்டிவ்வா இருந்தா அடுத்த குழந்தைய உங்க ரத்தம் தாக்காம தடுக்கற ஆன்டி-டி ஊசிய 72 மணி நேரத்துக்குள்ள உங்களுக்கு போடணும், அதுக்கு ஏற்பாடு முன்னாடியே பண்ணிடணும்.

எப்போ கிளம்பணும்ங்கறத வலி வர்றதுக்கு முன்னாடியே பேசி முடிச்சு, எல்லாரும் ஒத்துக்கிட்டதா எழுதிடுங்க. பனிக்குடம் உடைஞ்சு தண்ணி பச்சையாவோ கெட்டியாவோ வந்தா கிளம்பணும். ரத்தமா வந்தா, காய்ச்சல் வந்தா, பிரஷர் ஏறினா, வலி நல்லா இருந்தும் மணிக்கணக்கா முன்னேற்றமே இல்லைன்னா கிளம்பணும். குழந்தையோட இதய துடிப்பு நிமிஷத்துக்கு 110லருந்து 160 வரைக்கும் இருக்கணும், மிட்வைஃப் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது கேப்பாங்க, முக்க ஆரம்பிச்சப்பறம் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ, வலி அடங்கின கையோட ஒரு முழு நிமிஷம். அது குறைஞ்சு மேல வராம இருந்தா பேச்சே கெடையாது. தண்ணி உடைஞ்சதும் தொப்புள்கொடி கீழ எறங்கி வந்துட்டா, அரிதுதான், ஆனா அப்போ முட்டி போட்டு நெஞ்ச தரையோட வச்சு இடுப்ப மேல தூக்கி இருக்கணும், யாராவது ஆம்புலன்ஸுக்கு அடிக்கணும், இத உங்க வீட்டுக்காரரும் தெரிஞ்சு வச்சுக்கணும். வலி தாங்கலன்னு நீங்களே போலாம்னு சொன்னாலும் அது ஒரு முழு காரணம்தான், எபிடியூரல்ங்கற, முதுகுல போட்டு வலிய மரத்துப்போக வைக்கற ஊசி வீட்டுல கெடைக்காது, அதுக்காக கிளம்பினா யாரும் உங்கள தோத்துட்டீங்கன்னு சொல்ல முடியாது.

ரெண்டாவது பிரசவம் வேகமா வரும், அதனால வலி அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வரட்டும்னு முதல் தடவ மாதிரி உக்காந்திருக்காதீங்க, ஆரம்பிச்சதுமே போன் பண்ணுங்க. மிட்வைஃப் வர்றதுக்குள்ள குழந்தை வந்துடுச்சுன்னா? இழுக்க கூடாது, அதுவா வரட்டும், வந்ததும் நல்லா துடைச்சு உங்க நெஞ்சோட தோல் மேல தோல் படற மாதிரி போட்டு மேல காஞ்ச துண்ட போர்த்துங்க, தொப்புள்கொடிய அறுக்க அவசரமே இல்ல, கத்தி தேடாதீங்க. போன ஸ்பீக்கர்ல போட்டு மிட்வைஃபோட பேசிட்டே இருங்க, ஆம்புலன்ஸுக்கும் சொல்லிடுங்க.

சரி, லிஸ்ட். ரெண்டு பெரிய பிளாஸ்டிக் ஷீட்டு, பழைய துண்டு ஒரு பதினஞ்சு இருபது, பெரிய பேட் பாக்கெட்டு, நச்சுக்கொடி வைக்க மூடி போட்ட பாத்திரம், நல்ல டார்ச்சு கூட பேட்டரியோட, குப்பை பை, சார்ஜர், சமையல் தராசு. ரூமு 25 டிகிரிக்கு கீழ போக கூடாது, குழந்தை ஈரமா வரும், ஃபேன் காத்து பட்டா சில்லுனு ஆயிடும். கெட்டியா, தட்டையா ஒரு எடம் இடுப்பு உயரத்துல வேணும், ஒரு மேஜை போதும். நூறுல ஒரு பத்து குழந்தைக்கு மூச்சு ஆரம்பிக்க ஏதாவது ஒரு உதவி தேவைப்படும், துடைச்சு தேய்ச்சு விட்டாலே பாதிக்கு மேல அழுதுடும், அழாத குழந்தைக்கு ஒரு நிமிஷத்துக்குள்ள பையால காத்து குடுக்கணும், மெத்தை மேல வச்சு அத செய்ய முடியாது. இதோட ஆஸ்பத்திரி பை ஒண்ணு, ஆமா, அதுவும் கதவு பக்கத்துலயே.

பிரசவம் முடிஞ்சு ரெண்டு மணி நேரமாவது மிட்வைஃப் இருக்கணும், நீங்க ஒண்ணுக்கு போகணும், கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகியிருக்கணும், குழந்தை பால் குடிச்சிருக்கணும். வைட்டமின் கே ஊசி குழந்தைக்கு போடணும், 1 மில்லிகிராம், வீட்டுல பொறந்ததால அது விட்டுப்போயிட கூடாது. முதல் 24 மணி நேரத்துக்குள்ள குழந்தை மஞ்சளா தெரிஞ்சா வெயில்ல காட்டிக்கிட்டு இருக்காதீங்க, அன்னிக்கே டாக்டர்.

மூத்தவளுக்குன்னு தனியா ஒரு ஆள் வேணும், வீட்டுக்காரர் ரெண்டையும் பாக்க முடியாது. அப்பறம் மாமியார். அவங்க பயத்துல தப்பே இல்ல, மிட்வைஃப் வர்ற அன்னிக்கு அவங்களையும் பக்கத்துல உக்கார வச்சு கேக்க வேண்டியதெல்லாம் அவங்க வாயாலயே கேக்க விடுங்க, சில சமயம் நமக்கு தோணாத கேள்வி அவங்ககிட்டருந்துதான் வரும். அன்னிக்கு அவங்க வீட்டுல இருக்கணும்னு நீங்க விரும்பினீங்கன்னா ஒரு நோட்டும் பேனாவும் குடுத்து கடிகாரத்துக்கு எதிர்ல உக்கார வைங்க, தண்ணி உடைஞ்ச நேரம், குழந்தை வந்த நேரம், ஊசி போட்ட நேரம்னு அவங்கதான் எழுதணும். குழந்தை வந்ததும் எல்லாரும் எழுந்து ஓடிடுவாங்க, அவங்க மட்டும் நச்சுக்கொடி விழற வரைக்கும் கடிகாரத்த விட்டு கண்ண எடுக்க கூடாதுன்னு சொல்லி வைங்க.