ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடாகிறது: தெர்மோஸ்டாட்டை மாற்றினால் குறையுமா?

சாதாரண ஓட்டத்தில் உங்கள் பிக்கப்பின் கியர்பாக்ஸ் எண்ணெய் 92 டிகிரியில் நிற்கிறது. கேரவனை இழுத்துக்கொண்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக மேட்டிலுள்ள ஹாரிஸ்மித் ஊருக்கு ஏறும்போது 110-ஐத் தொடுகிறது. தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்துவிட வேண்டாம், குறைந்த வெப்பத்தில் திறக்கும் ஒன்றை மாற்றிப் போடலாம். ஆனால் அது அந்த 92-ஐத்தான் குறைக்கும். 110-க்குக் காரணம் வேறு.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பட்டறை வைத்திருக்கிறேன். ஈஸ்டர் விடுமுறை நெருங்கினால் இதே கேள்வியோடு பிக்கப் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். வருகிற எல்லோரும் 92-ஐப் பார்த்தே பயந்திருப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. எண்ணெய் சூடாக இருந்தால் இளகி ஓடும், பம்புக்கு வேலை குறையும், டீசல் மிச்சமாகும். அதற்காகவே பல தயாரிப்பாளர்கள் எண்ணெயை வேண்டுமென்றே 90 டிகிரியை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது தெர்மோஸ்டாட் வால்வுக்குள் இருக்கும், விரல்நுனி அளவுள்ள ஒரு மெழுகுக் குப்பி. சூட்டில் மெழுகு உருகி விரிந்து ஊசியைத் தள்ளும்; வால்வு நகரும்; அதுவரை கியர்பாக்ஸுக்கே திரும்பிக்கொண்டிருந்த எண்ணெய், அதைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகத் தொடங்கும்.

அமெரிக்காவில் 2014-க்குப் பிந்தைய செவ்ரோலே பிக்கப் வைத்திருப்பவர்கள் இந்தக் குப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, எண்ணெய் எப்போதும் கூலருக்கே போகும்படி செய்கிறார்கள். காசு செலவில்லை என்பதால் அது பரவிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. டர்பன் கடற்கரையில் குளிர் என்று ஒன்று இல்லாததால் இங்கே பாதகம் தெரியாது. இங்கே குளிர்காலமான ஜூலை மாதம் ஹாரிஸ்மித்தில் பூஜ்யத்துக்குக் கீழே போன இரவு முழுவதும் வெளியில் நின்ற வண்டியைக் காலையில் எடுத்துப் பாருங்கள். எண்ணெய் சூடேற வெகுநேரமாகும். அதுவரை கியர் முரட்டுத்தனமாக மாறும்; இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகவும், அதாவது வழுக்காமல் நேரடியாகப் பிணையவும், தாமதமாகும். 70 டிகிரி அளவில் திறக்கும் மாற்று வால்வுகள் பல வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. உங்கள் வண்டிக்கும் இருந்தால் அதைப் போடுவதே நல்லது.

அதற்கு முன்னால் கூலர் எந்த வகை என்று பாருங்கள். எண்ணெய்க் குழாய்கள் ரேடியேட்டருக்கு முன்னே காற்றுப்படும் தனிக் கூலருக்குப் போகின்றனவா, அல்லது ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயோ இன்ஜின் கூலண்ட் ஓடும் சின்னப் பெட்டிக்குள்ளேயோ நுழைகின்றனவா? இரண்டாவது வகை என்றால், கூலண்டே 90 டிகிரியை ஒட்டி ஓடும்போது எண்ணெய் அதற்குக் கீழே அதிகம் இறங்காது. எந்தத் தெர்மோஸ்டாட்டைப் போட்டாலும் பெரும்பாலும் வீண்செலவுதான்.

பழைய வால்வு கெட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். நன்றாக ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே, கூலருக்குப் போகும் குழாயை அகச்சிவப்பு வெப்பமானியால் குறிபாருங்கள். கியர்பாக்ஸ் 100-ஐத் தாண்டியும் குழாய் வெதுவெதுப்பாகவே இருந்தால் வால்வு மூடிய நிலையில் சிக்கியிருக்கிறது, அல்லது குழாயில் அடைப்பு. வால்வைக் கழற்றினால் குப்பியை வெந்நீரில் போட்டும் சோதிக்கலாம்: தண்ணீர் 80-ஐத் தாண்டிச் சூடேறும்போது ஊசி மெல்ல நீள்வது கண்ணுக்கே தெரியும், கொதிக்கும்வரை அசையவில்லை என்றால் அது செத்துவிட்டது. (சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள். வீட்டில் கிளம்பும் சூட்டுக்கு எந்தக் கூலரும் போதாது.) வால்வின் மூடியைக் கழற்றும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், அதைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையத்தை எடுத்ததும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துள்ளி வரும்.

இனி அந்த 110. வால்வு ஒழுங்காக வேலை செய்தால், அந்தச் சூட்டில் அது ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருக்கிறது. மதகு திறந்துதான் கிடக்கிறது, வாய்க்கால்தான் குறுகல். 70-இல் திறக்கும் வால்வு இருந்தால் மேட்டைக் குளிர்ந்த எண்ணெயோடு தொடங்குவீர்கள், சில நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். ஏற்றம் நீண்டால் வெப்பம் அதே 110-க்கு வந்துவிடும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி ஹில்டனுக்கு ஏறும் டவுன் ஹில்லில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது கவனியுங்கள். டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். சூடு பிறப்பது அங்கேதான். மேனுவலுக்கு மாற்றி ஒரு கியர் இறக்குங்கள். இன்ஜின் சத்தம் கூடும், கன்வெர்ட்டர் லாக் ஆகும், எண்ணெய் இறங்கத் தொடங்கும். வேன் ரீனன் கணவாயிலும் இதே வழிதான். அடிக்கடி கேரவன் இழுப்பவர் என்றால் காற்றில் குளிரும் பெரிய கூலருக்குச் செலவழியுங்கள்.

மேட்டில் சற்றுநேரம் 110 காட்டினால் நான் கவலைப்பட மாட்டேன். 120-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் ஓரங்கட்டி, பார்க்கில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் லேசாக வேகம் கூட்டி வையுங்கள். இன்ஜின் ஓடினால்தான் பம்ப் சுற்றும், எண்ணெய் கூலருக்குப் போகும்.

வால்வை மாற்றும்போது கொஞ்சம் எண்ணெய் சிந்தும். உங்கள் வண்டிக்குக் கையேடு சொல்லும் எண்ணெயையே ஊற்றுங்கள். ஃபோர்டு ஆறு கியருக்கு மெர்கான் எல்வி, பத்து கியருக்கு மெர்கான் யூஎல்வி, ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. அளவை இன்ஜின் ஓடும்போது, கையேடு குறிப்பிடும் வெப்பநிலையில் பாருங்கள். வாரண்டி முடியாத வண்டி என்றால் முதலில் டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாடல், ஆண்டு, கூலர் குழாய்களின் படம் ஆகியவற்றைப் பதிலுக்குக் கீழே போட்டால் எந்த வால்வு பொருந்தும் என்று சொல்கிறேன்.